மின்சார டூத்பிரஷ், வாட்டர் ஃப்ளாஸர்: புதிய கருவியைப் பத்திரிகையாளர்களிடம் கொண்டுசெல்வது எப்படி?

மின்சார டூத்பிரஷ், பல்லிடுக்கில் நீரைப் பீய்ச்சிச் சுத்தம் செய்யும் வாட்டர் ஃப்ளாஸர் போன்ற வாய்ப் பராமரிப்புக் கருவி ஒன்றைப் பத்திரிகையாளர்களுக்கு அறிமுகம் செய்வதில், மற்ற மின்னணுப் பொருள்களுக்கு இல்லாத சங்கடம் ஒன்று உண்டு. அதன் பலன் மேடையில் தெரியாது. திரையின் தெளிவையும் கேமராவின் தரத்தையும் பத்து நிமிடத்தில் காட்டிவிடலாம். ஈறில் ரத்தம் கசிவது நின்றதா என்பதை இரண்டு வாரமாவது பயன்படுத்திப் பார்த்தவர்தான் சொல்ல முடியும். எனவே, கருவி செய்தியாளர் வீட்டுக் குளியலறையைச் சென்றடையும் நாள்தான் முக்கியம். விழாத் தேதி உட்பட மற்ற எல்லாத் தேதிகளையும் அதை வைத்தே குறிக்க வேண்டும்.

இதற்கு 8 வாரம் ஒதுக்குங்கள். முதல் இரண்டு வாரத்தில், கருவியைப் பற்றி என்ன சொல்லப்போகிறோம் என்பதை வார்த்தை வார்த்தையாக முடிவுசெய்து பூட்டிவிட வேண்டும். வெளியீட்டுக்கு 5 வாரம் இருக்கும்போது மாதிரிக் கருவிகள் கிளம்ப வேண்டும். 4 வாரம் இருக்கும்போது கையில் கிடைத்திருக்க வேண்டும். செய்திக்குறிப்பு 2 வாரம் முன்பு போனால் போதும். கடைசி வாரம் முழுவதும் ஒத்திகைக்கு. அவசரம் வந்தால் எதை வேண்டுமானாலும் சுருக்கலாம், மாதிரிக் கருவி வாயில் இருக்கும் அந்த நான்கு வாரத்தைத் தவிர.

சொல்லப்போவது ஒன்றே ஒன்றாக இருக்கட்டும்

செய்திக்குறிப்பில் ஏழெட்டுச் சிறப்புகளை அடுக்கினால் எதுவும் அச்சில் ஏறாது. சோதித்துப் பார்க்கத்தக்க ஒரு கூற்றைத் தேர்ந்தெடுங்கள். அந்தக் கூற்றுக்குப் பின்னால் ஒரு பக்க ஆதாரத்தாள் இருக்க வேண்டும். அதில் ஆறு விவரங்கள் கட்டாயம்: எதனோடு ஒப்பிட்டீர்கள், எத்தனை பேர், எத்தனை நாள், எந்த அளவுகோல், பணம் கொடுத்தது யார், சோதனை நடந்தது வாயிலா ஆய்வகத்திலா.

கடைசிக் கேள்வியில்தான் பலர் மாட்டிக்கொள்கிறார்கள். பிடுங்கப்பட்ட பல்லின் மேல் பற்படலம் (பல்லில் படியும் பாக்டீரியாப் படிவு) வளர்த்து, சில நொடி நீர் பாய்ச்சி, ‘99 சதவீதம் அகன்றது’ என்று எழுதுவது அந்தச் சோதனையைப் பொறுத்தவரை உண்மையாக இருக்கலாம். ஆனால் வாசகர் அதைத் தன் வாய்க்கான உறுதிமொழியாகவே படிப்பார். ஆய்வக முடிவு என்றால் தலைப்பிலேயே அப்படிச் சொல்லிவிடுங்கள். அடிக்குறிப்பில் ஒளித்து வைத்தால் செய்தியாளர் அதைத்தான் தலைப்பாக்குவார்.

அளவுகோலையும் விளக்குங்கள். பற்படலத்தை அளக்க அதிகம் பயன்படும் டுரெஸ்கி திருத்திய குயிக்லி-ஹைன் குறியீடு 0 முதல் 5 வரை போகும். ஈறு அழற்சிக்கான லோ-சில்னஸ் குறியீடு 0 முதல் 3 வரை. சராசரி 2.5-இலிருந்து 2.0 ஆனால் அது 20 சதவீதக் குறைவு. ‘20 சதவீதம்’ என்று மட்டும் எழுதாமல் இரண்டு எண்களையும் கொடுத்தால், உடல்நலச் செய்தியாளர் உங்களை நம்பத் தொடங்குவார்.

ஏனென்றால் ஒப்பிட்டுப் பார்க்க அவர் கையில் ஏற்கெனவே ஒரு தராசு இருக்கிறது. மருத்துவ ஆய்வுகளைத் தொகுத்து மதிப்பிடும் காக்ரேன் அமைப்பு 2014-இல் வெளியிட்ட மதிப்பாய்வு, சாதாரண பிரஷையும் மின்சார பிரஷையும் ஒப்பிட்ட 56 ஆய்வுகளைத் தொகுத்தது. அவற்றில் பங்கேற்றவர்கள் 5,068 பேர். மின்சார பிரஷ் பயன்படுத்தியவர்களிடம் பற்படலம் 1 முதல் 3 மாதத்தில் 11 சதவீதமும், 3 மாதத்துக்குப் பின் 21 சதவீதமும் கூடுதலாகக் குறைந்தது. ஈறு அழற்சி முறையே 6, 11 சதவீதம். நடைமுறை மருத்துவத்தில் இந்த வித்தியாசத்துக்கு எவ்வளவு மதிப்பு என்பது தெளிவாகவில்லை என்றும் அந்த மதிப்பாய்வே சொல்லியது. இப்படி ஒரு பின்னணி இருக்கும்போது ‘பத்து மடங்கு சுத்தம்’ என்று போய் நின்றால் முதல் கேள்வியிலேயே ஆட்டம் கண்டுவிடும்.

ஆதாரம் கேட்பது சும்மா ஒரு சடங்கு என்று நினைக்க வேண்டாம். 2016-இல் அசோசியேட்டட் பிரஸ் செய்தி நிறுவனம், பல்லிடுக்கில் நூல் விட்டுச் சுத்தம் செய்வதற்கான சான்றுகளை அமெரிக்க அரசிடம் கேட்டுப் பெற்று ஆராய்ந்து, அவை பலவீனமானவை என்று எழுதியது. அந்தச் செய்தி உலகம் சுற்றியது. பல தலைமுறையாகப் பல் மருத்துவர்கள் சொல்லிவந்த பழக்கத்துக்கே அந்தக் கேள்வி எழுந்தது என்றால், நேற்று வந்த கருவிக்கு எழாமல் இருக்குமா?

எண்களில் இன்னொரு இடறல்: அதிர்வு. மிக வேகமாக அதிரும் சோனிக் வகை பிரஷ்களுக்கு ‘நிமிடத்துக்கு 31,000 அசைவுகள்’ என்று சொல்வது வழக்கம். தூரிகை விநாடிக்கு சுமார் 260 முறை அதிர்கிறது. ஒவ்வோர் அதிர்விலும் போவது ஒன்று, வருவது ஒன்று. 260 × 2 × 60 போட்டால் 31,200. உங்கள் பொறியாளர் அதிர்வைக் கொடுத்து, விளம்பரப் பிரிவு அசைவை எழுதி, பெட்டியில் வேறொன்று அச்சாகியிருந்தால் ஒரே கருவிக்கு இரண்டு எண்கள் உலவும். செய்திக்குறிப்பு, பெட்டி, இணையதளம் மூன்றையும் பக்கத்தில் வைத்து ஒவ்வோர் எண்ணாகச் சரிபாருங்கள். நீர்புகாத் தன்மைக்கும் இதே கவனம் வேண்டும். ஐபிஎக்ஸ்7 என்ற நீர்புகாத் தரக்குறியீடு என்றால் 1 மீட்டர் ஆழ நீரில் 30 நிமிடம் தாங்கும் என்றுதான் பொருள்; பாய்ந்து வரும் நீரையோ கொதிநீரையோ தாங்கும் என்று அது சொல்லவில்லை.

‘எஃப்டிஏ (அமெரிக்க உணவு, மருந்து நிர்வாகம்) அங்கீகாரம் பெற்றது’ என்ற வரியை யாராவது சேர்த்திருந்தால் உடனே எடுத்துவிடுங்கள். அமெரிக்காவில் மின்சார டூத்பிரஷ் குறைந்த ஆபத்துள்ள முதல் வகுப்பு மருத்துவச் சாதனம். நிறுவனத்தைப் பதிவுசெய்து சாதனத்தைப் பட்டியலிடுவார்கள். அது அங்கீகாரம் ஆகாது. மற்ற நாடுகளிலும் பதிவு, சான்றிதழ், ஒப்புதல் மூன்றும் வெவ்வேறு. எது கையில் இருக்கிறதோ அதை மட்டும் எழுதுங்கள்.

மாதிரிக் கருவியை அனுப்புவது

பெட்டியில் இருக்க வேண்டியவை: கடையில் கிடைக்கப்போகும் அதே கருவி, இரண்டு தூரிகைத் தலைகள், சார்ஜர், ஒரு பக்க வழிகாட்டி, ஆதாரத்தாள், அழைத்தால் எடுக்கும் ஒருவரின் எண். முன்மாதிரிக் கருவியை அனுப்பாதீர்கள். வேறு வழியே இல்லை என்றால், எந்தெந்த அம்சம் இறுதியானதல்ல என்பதை எழுதி ஒட்டி அனுப்புங்கள்.

லித்தியம் பேட்டரி உள்ள கருவி என்பதால் கூரியர் நிறுவனத்திடம் முன்கூட்டியே பேசுங்கள். பேட்டரி கருவிக்குள்ளேயே இருந்தால் ஆபத்தான சரக்குகளுக்கான ஐ.நா. எண்களில் அது யு.என். 3481 என்ற வகையில் வரும், யு.என். 38.3 எனப்படும் பேட்டரிப் பாதுகாப்புச் சோதனையின் சுருக்கத்தைக் கேட்பார்கள். அது கையில் இல்லாமல் பொட்டலம் கிடங்கில் தேங்கி நிற்பதுதான் அட்டவணை குலைவதற்கு வழக்கமான காரணம். பேட்டரியை 30 சதவீத அளவில் வைத்து அனுப்புவது பாதுகாப்பு. ஆனால் இதில் ஒரு கண்ணி இருக்கிறது: செய்தியாளர் பெட்டியைப் பிரித்ததும் அப்படியே துலக்கத் தொடங்கி, ‘நான்கு நாளில் சார்ஜ் தீர்ந்தது’ என்று குறித்துக்கொள்வார். ‘முதலில் முழுதாகச் சார்ஜ் செய்யவும்’ என்ற வரி கருவியின் மேலேயே ஒட்டப்பட்டிருக்கட்டும். பயணப் பூட்டையும் போட்டு அனுப்புங்கள். வழியில் பொத்தான் அழுந்தி, தானாக அதிரும் பொட்டலத்தை எந்தக் கிடங்கும் சாதாரணமாக எடுத்துக்கொள்ளாது.

அனுப்பும் முன் பெறுபவரிடம் மூன்று கேள்விகள்: இதயத்தில் பேஸ்மேக்கர் உண்டா, கடந்த இரண்டு மாதத்தில் பல் அல்லது ஈறு அறுவை சிகிச்சை நடந்ததா, பல்லுக்குக் கம்பி போட்டிருக்கிறாரா. ‘ஆம்’ என்றால் அவருடைய மருத்துவரிடம் கேட்ட பிறகே கருவி போக வேண்டும்.

ஒரு பக்க வழிகாட்டிதான் மதிப்புரையின் தலைவிதியை எழுதுகிறது. மின்சார பிரஷைப் பெரும்பாலோர் சாதாரண பிரஷ் போலவே அழுத்தித் தேய்க்கிறார்கள். அழுத்தினால் அதிர்வு மட்டுப்படும், ஈறு புண்ணாகும், பழி கருவி மேல் விழும். இந்த வரிகளைப் பெரிய எழுத்தில் போடுங்கள்:

– பேஸ்ட் தடவி, வாய்க்குள் வைத்த பிறகே பொத்தானை அழுத்தவும். முன்பே அழுத்தினால் கண்ணாடியெல்லாம் தெறிக்கும்.
– தேய்க்க வேண்டாம். சோனிக் தூரிகையை ஈறும் பல்லும் சேரும் கோட்டில் 45 டிகிரி சாய்த்து மெல்ல நகர்த்தவும். வட்டத் தலை என்றால் பல் பல்லாக நிறுத்தி நகர்த்தவும்.
– வாயை நான்கு பகுதியாகப் பிரித்து, பகுதிக்கு 30 விநாடி. மொத்தம் 2 நிமிடம்.
– முதல் சில நாள் கூச்சமும் குறுகுறுப்பும் இருக்கும். ஈறு வீங்கியிருந்தால் லேசாக ரத்தம் வரலாம். ஒரு வாரத்துக்கு மேல் நீடித்தால் பல் மருத்துவரைப் பார்க்கவும்.

வாட்டர் ஃப்ளாஸர் என்றால் இவற்றோடு இன்னும் மூன்று: வெதுவெதுப்பான நீர், மிகக் குறைந்த அழுத்தம், தொட்டிமேல் குனிந்து உதடுகளை லேசாக மூடி நீரை வழியவிடுவது. நிமிர்ந்து நின்று, கண்ணாடியைப் பார்த்தபடி, உச்ச அழுத்தத்தில் தொடங்குபவர் சட்டையை நனைத்துக்கொண்டு அதோடு கருவியை மூடி வைத்துவிடுவார்.

படமும் காணொளியும்

வெள்ளைப் பின்னணியில் ஒன்று, கையில் பிடித்தபடி ஒன்று, தூரிகைத் தலையின் நெருக்கக் காட்சி ஒன்று. நீண்ட பக்கம் 3,000 பிக்ஸலுக்குக் குறையாமல். இசையோ எழுத்தோ சேர்க்காத 60 விநாடிக் காட்சித்தொகுப்பு, கிடைமட்டமாகவும் செங்குத்தாகவும்.

அதிர்வைப் படமெடுப்பதில்தான் ஏமாற்றம் காத்திருக்கிறது. போனில் விநாடிக்கு 240 சட்டக (ஃபிரேம்) வேகத்தில் 260 முறை அதிரும் தூரிகையை எடுத்தால், அது விநாடிக்கு 20 முறை மட்டும் அசைவதுபோலப் பதிவாகும். பார்ப்பவர் ‘இவ்வளவு மெதுவா?’ என்பார். உண்மையான அசைவு தெரிய 1,000 சட்டகத்துக்கு மேல் எடுக்கும் கேமராவும் வலுவான, மினுக்காத விளக்கும் வேண்டும். அது வாடகைக்குக் கிடைக்காவிட்டால் அந்தக் காட்சியையே விட்டுவிடலாம். கணினி வரைபடத்தைப் போட்டால் ‘சித்திரிப்பு’ என்று படத்தின் மேலேயே எழுதிவிடுங்கள்.

தடை நேரம்

எம்பார்கோ என்பது இருவர் ஒப்புக்கொள்ளும் ஏற்பாடு. சம்மதம் கேட்காமலே ‘இந்தத் தேதி வரை வெளியிடாதீர்கள்’ என்று அனுப்பிய மின்னஞ்சல் யாரையும் கட்டுப்படுத்தாது. முதலில் இரண்டு வரியில் கேளுங்கள், சம்மதம் வந்த பிறகு கோப்பை அனுப்புங்கள். தேதி, மணி, நேர வலயம் மூன்றையும் செய்திக்குறிப்பின் தலையிலும் கோப்பின் பெயரிலும் எழுதுங்கள். உங்கள் இணையக் கடையின் பொருள் பக்கம் அந்த நேரத்துக்கு முன் திறந்துவிட்டால் தடை அங்கேயே முறிந்தது. இது பெரும்பாலும் வெளியாரால் நடப்பதில்லை, விற்பனைப் பிரிவுக்குத் தகவல் போகாததால்தான் நடக்கிறது.

சந்திப்பு நாள்

செய்தியாளர் சந்திப்பே வேண்டாம் என்ற முடிவும் நல்ல முடிவுதான். நடத்தினால் 40 நிமிடத்துக்கு மேல் வேண்டாம். அதில் பாதி கேள்விகளுக்கு.

செயல்விளக்கத்துக்கு மனித வாயைவிடப் பல் மருத்துவ மாணவர்கள் பயிலும் பல்மாதிரி நம்பகமானது. யாராவது முன்வந்து செய்து பார்த்தால், ஒருவருக்கு ஒரு புதிய தூரிகைத் தலை. துடைத்துவிட்டு அடுத்தவரிடம் நீட்டுவது கூடவே கூடாது. படலத்தைக் காட்டும் சாய மாத்திரை பயன்படுத்துவதானால், முதலில் உதட்டில் வாசலைன் தடவச் சொல்லி, கழுத்தில் துண்டு கட்டுங்கள். அந்தச் சிவப்பு உதட்டிலும் வெள்ளைச் சட்டையிலும் லேசில் போகாது. துலக்கிய பிறகும் பல்லிடுக்கில் கொஞ்சம் சிவப்பு மிஞ்சும். அதை மறைக்காமல் காட்டி, இடுக்குக்கு வேறு கருவி வேண்டும் என்று சொல்லும் பல் மருத்துவரை மேடையில் வைத்திருங்கள். அவருக்கு நீங்கள் பணம் கொடுத்திருந்தால், அறிமுகம் செய்யும்போதே அதையும் சொல்லிவிட வேண்டும்.

செயலியோடு இணையும் கருவி என்றால், நூறு போன்கள் இருக்கும் அரங்கில் புளூடூத் திணறும். முன்பே இணைத்து வைத்த போன், தானியங்கி மென்பொருள் புதுப்பிப்பு நிறுத்தப்பட்ட நிலை, பதிவுசெய்த மாற்றுக் காணொளி மூன்றும் தயாராக இருக்கட்டும். துலக்கிய தரவு எங்கே சேமிக்கப்படுகிறது, எத்தனை ஆண்டுக்குப் பாதுகாப்புப் புதுப்பிப்பு வரும் என்பதற்கும் பதில் வேண்டும். 2024 பிப்ரவரியில், 30 லட்சம் ஸ்மார்ட் டூத்பிரஷ்கள் இணையத் தாக்குதலுக்குப் பயன்பட்டதாக ஒரு சுவிஸ் நாளிதழில் வந்த செய்தி உலகெங்கும் பரவியது. பிறகு, அந்தச் செய்திக்குத் தகவல் தந்த ஃபோர்ட்டிநெட் என்ற இணையப் பாதுகாப்பு நிறுவனம் அது ஓர் உதாரணமாகச் சொல்லப்பட்டதே தவிர நடந்த தாக்குதல் அல்ல என்று விளக்கியது. உங்கள் பேச்சாளர்களுக்கு இதிலிருந்து ஒரே அறிவுரை: ‘ஒருவேளை இப்படி நடந்தால்’ என்று தொடங்கும் வாக்கியத்தைப் பேட்டியில் பேசவே வேண்டாம்.

கேள்வி நேரத்தில் நிச்சயம் வருவது மாற்றுத் தலையின் விலை. மூன்று மாதத்துக்கு ஒன்று என்றால் ஆண்டுக்கு நான்கு. கருவியின் விலையோடு அந்த நான்கின் விலையையும் கூட்டி, ஓராண்டுச் செலவாக நீங்களே செய்திக்குறிப்பில் போட்டுவிடுங்கள்.

வெளியான பிறகு முதல் மூன்று நாள், எண் தவறாக அச்சானால் மட்டும் திருத்தம் கேளுங்கள். கருத்து பிடிக்கவில்லை என்று அழைக்காதீர்கள். ‘சார்ஜ் ஏறவில்லை’, ‘சத்தம் கூடுகிறது’ என்று வந்தால் அன்றே மாற்றுக் கருவி அனுப்புங்கள், பழையதைப் பொறியாளரிடம் சேருங்கள். பேட்டரி உப்பியிருப்பதாகச் சொன்னால் மட்டும் அதை விமானக் கூரியரில் திருப்பி அனுப்பச் சொல்லக் கூடாது. சேதமடைந்த லித்தியம் பேட்டரிக்கு விமானத்தில் இடமில்லை. உங்கள் ஆளே நேரில் போய் வாங்கி வர ஏற்பாடு செய்யுங்கள்.