ஞாயிறன்று அரசுப் பணி வந்தால்

கிறிஸ்தவரான உங்களுக்குத் தேர்தல் பணியோ அவசரச் சேவையோ வழிபாட்டு நாளான ஞாயிறன்று விழுந்தால், உத்தரவு கைக்கு வந்த அன்றே பணிநேரத்தைக் கேட்டுக் குறித்துக்கொள்ளுங்கள். கத்தோலிக்கருக்குச் சனி மாலைத் திருப்பலியே ஞாயிறு திருப்பலியில் பங்கேற்கும் கடமையை நிறைவேற்றிவிடும் (திருச்சபைச் சட்டம் 1248). அதற்கும் வழியில்லையா? பங்குத்தந்தையிடம் முன்கூட்டியே விலக்கு கேளுங்கள். நியாயமான காரணம் இருந்தால் தர அவருக்கு அதிகாரம் உண்டு (1245). பலர் சறுக்குவது இங்கேதான்: கடைசி நேரம்வரை கேட்பதில்லை.

சத்தியம் செய்ய மனம் ஒப்பாதவர்கள் (மத்தேயு 5:34), அதற்குப் பதிலாக உறுதிமொழி எடுக்கலாமா என்று முன்பே விசாரியுங்கள். பல நாடுகளில் சட்டம் அனுமதிக்கிறது.

வரியில் பேரம் இல்லை. வரியைச் செலுத்தச் சொல்லும் ரோமர் 13:7 அவ்வளவு தெளிவு. காணிக்கை கொடுத்தாயிற்றே என்று வருமானத்தை மறைப்பது ஏமாற்று. மனிதரைவிடக் கடவுளுக்கே கீழ்ப்படிய வேண்டும் என்ற அப்போஸ்தலர் 5:29-ஐ எல்லாவற்றுக்கும் இழுக்காதீர்கள்: அது போதிக்கக் கூடாதென்ற தடைக்கு வந்த பதில், அலுவலகச் சலிப்புக்கு அல்ல.