ஏற்காட்டிலிருந்து இறங்கும்போது காரில் கருகல் வாடையா?

ஏற்காட்டில் என் மின்சாரக் காருக்கு ராத்திரி முழுக்க சார்ஜ் போட்டு 100 சதவீதத்தோடு காலையில் சேலத்துக்குக் கிளம்பினேன், அடிவாரம் வருவதற்குள் காருக்குள் ஒரே கருகல் நாற்றம். பேட்டரிதான் போச்சு என்று பதறி இறங்கிப் பார்த்தால் முன் சக்கரத்துப் பக்கம் அனல் அடிக்கிறது. விஷயம் இதுதான்: பேட்டரி நிரம்பியிருந்தால் ரீஜென் பிரேக் (வேகம் குறையும்போது மோட்டாரே மின்சாரம் எடுத்து பேட்டரிக்கு அனுப்பும் முறை) தரும் மின்சாரத்தைப் போட இடமில்லை, அதனால் 20 கொண்டை ஊசி வளைவுகளிலும் பாரம் பிரேக் பேடு மேலேயே விழுகிறது. ஓரங்கட்டி ஆறவிட்டேன் (தண்ணீர் ஊற்றாதீர்கள், சூடான டிஸ்க் கோணிக்கொள்ளும்), சரியாகிவிட்டது. இப்போதெல்லாம் ஏற்காட்டில் 80 சதவீதத்துக்கு மேல் சார்ஜ் ஏற்றுவதே இல்லை.

ஏசி போட்டதும் ஈரத்துணி வாடை என்றால் கேபின் ஃபில்டரை (காருக்குள் வரும் காற்றை வடிகட்டுவது) மாற்றுங்கள், பெரும்பாலும் டேஷ்போர்டு பெட்டிக்குப் பின்னால் இருக்கும். என்னுடையதில் ஒரு கைப்பிடிச் சருகு. வீடு சேர இரண்டு நிமிடம் முன்பே ஏசியை அணைத்து ஃபேனை மட்டும் ஓடவிட்டால் வாடை சீக்கிரம் திரும்பாது. இனிப்பு வாடையா? கூலன்ட் (பேட்டரியையும் மோட்டாரையும் குளிர்விக்கும் திரவம்) கசிவாக இருக்கலாம், சர்வீஸுக்குச் சொல்லுங்கள். சார்ஜ் ஏறும்போது பிளாஸ்டிக் உருகும் வாடை வந்தால் மட்டும் யோசிக்கவே வேண்டாம், முதலில் மெயினை அணைத்துவிட்டு அப்புறம் பிளக்கைப் பாருங்கள், பெரும்பாலும் சாக்கெட் தளர்ந்து பிளக்கின் உலோக முனை பழுப்பேறியிருக்கும்.