ஆக்சஸ் புதுப் பதிப்புக்கு மாறியபின் பழைய ஃபைல் மக்கர் செய்தால்

மைக்ரோசாஃப்டின் டேட்டாபேஸ் மென்பொருளான ஆக்சஸில் நேற்றுவரை ஓடிய பில்லிங் ஃபைல், அது அடங்கிய ஆஃபீஸ் மென்பொருளை மாற்றிய மறுநாள் காலையில் திறக்க மறுக்கும். திறந்தாலும் பட்டன்கள் வேலை செய்யாது. உடனே பலரும் ஃபைலைச் சுருக்கிப் பழுதுபார்க்கும் 'காம்பேக்ட் அண்ட் ரிப்பேர்' கொடுத்துவிடுகிறார்கள். அவசரப்பட வேண்டாம். பதிப்பு மாறியதால் டேபிளில் இருக்கும் டேட்டா கெடுவது அபூர்வம். அதைச் சுற்றியிருப்பவைதான் கழன்றுகொள்ளும்: அனுமதி, ரெஃபரன்ஸ் (ஃபைல் நம்பியிருக்கும் வெளி லைப்ரரிகள்), லிங்க், 32 பிட்டா 64 பிட்டா என்ற பொருத்தம். இவற்றில் எதையும் ரிப்பேர் பட்டன் சரிசெய்யாது.

முதலில் எல்லாரையும் ஃபைலை மூடச் சொல்லுங்கள். ஃபோல்டரில் அதே பெயரில் எல்.டி.பி. அல்லது எல்.ஏ.சி.சி.டி.பி. என்று ஒரு குட்டி ஃபைல் இருந்தால் யாரோ இன்னும் திறந்து வைத்திருக்கிறார்கள் என்று பொருள். அது மறைந்தபின் ஒரு நகல் எடுத்து, இனிச் செய்வதையெல்லாம் நகலில் செய்யுங்கள். பிறகு ஆக்சஸில் ஃபைல், அக்கவுண்ட், அபௌட் ஆக்சஸ் என்று போய், மேல் வரியில் 32 பிட் என்றிருக்கிறதா 64 பிட் என்றிருக்கிறதா பார்த்துக் குறித்துக்கொள்ளுங்கள். பாதிப் பிரச்சினைக்கு விடை அந்த வரியில் இருக்கும்.

ஃபைலே திறக்கவில்லை

ஃபைல் ஆக்சஸ் 97 காலத்தது என்றால், 2013-ம் அதற்குப் பிந்தைய பதிப்புகளும் அதைத் திறக்காது. ஆக்சஸ் 2003, 2007, 2010 இவற்றில் ஒன்று உள்ள கணினியைத் தேடிப் பிடித்து, அங்கே 2002-2003 வடிவத்துக்கு மாற்றிக்கொண்டு வாருங்கள். பழைய கணினியைக் காயலான் கடைக்குப் போடுமுன் இதைச் செய்துவிட்டால் அலைச்சல் மிச்சம். பயனர் பெயர், பாஸ்வேர்டு கேட்கும் எம்.டி.டபிள்யூ. பாதுகாப்பு போட்ட ஃபைல் என்றால் அந்த எம்.டி.டபிள்யூ. ஃபைலும் கூடவே வர வேண்டும். எம்.டி.பி. என்ற பழைய வடிவத்தில் இருக்கும்வரைதான் அந்தப் பாதுகாப்பு, புது வடிவமான ஏ.சி.சி.டி.பி. ஆக்கினால் போய்விடும்.

நிரலைப் பார்க்கவோ திருத்தவோ முடியாதபடி பூட்டிய எம்.டி.இ., ஏ.சி.சி.டி.இ. ஃபைல்கள் வேறு கதை. 32 பிட்டில் உருவாக்கியதை 64 பிட் ஆக்சஸ் திறக்காது. மூல ஃபைலை 64 பிட்டில் திறந்து, கம்பைல் செய்து (நிரலைச் சரிபார்த்துத் தொகுத்து), மறுபடி உருவாக்கினால்தான் உண்டு. மூல ஃபைல் எழுதிக்கொடுத்தவரிடம் மட்டும் இருந்தால் அவரைத்தான் பிடிக்க வேண்டும்.

திறக்கிறது, பட்டன் அழுத்தினால் அசையவில்லை

மேலே மஞ்சள் அல்லது சிவப்புப் பட்டை தெரிகிறதா? பட்டனை இயக்கும் நிரலை, அதாவது மேக்ரோவை, ஆக்சஸ் நிறுத்தி வைத்திருக்கிறது. மெயிலிலோ இணையத்திலோ வந்த ஃபைல் என்றால் அதன்மேல் வலது கிளிக், ப்ராப்பர்ட்டீஸ், கீழே 'அன்பிளாக்' டிக். நிரந்தரத் தீர்வு, ஃபோல்டரை நம்பகமான இடமாகச் சேர்ப்பது: ஃபைல், ஆப்ஷன்ஸ், டிரஸ்ட் சென்டர், டிரஸ்டட் லொக்கேஷன்ஸ். சர்வரில் உள்ள ஃபோல்டர் என்றால் அதே பக்கத்தின் அடியில் நெட்வொர்க் இடங்களை அனுமதிக்கும் டிக்கையும் போட வேண்டும். இதை மறந்துவிட்டுத் தலையைப் பிய்த்துக்கொள்பவர்கள் அதிகம். ஃபைலை எந்தப் பாதையில் திறக்கிறீர்களோ அதே பாதையைக் கொடுங்கள். டிரைவ் எழுத்தைச் சேர்த்துவிட்டு சர்வர் பெயர் வழியாகத் திறந்தால் பட்டை மறுபடி வரும்.

'டேட்' என்ற ஃபங்ஷனே தெரியவில்லை என்கிறது

இதுதான் ஆளை அதிகம் ஏமாற்றுவது. 'டேட்', 'லெஃப்ட்', 'டிரிம்' மாதிரி இருபது வருடமாக ஓடிய சாதாரண ஃபங்ஷனில் நிரல் நின்று, புராஜெக்ட் அல்லது லைப்ரரியைக் காணோம் என்று பிழை வரும். அந்த ஃபங்ஷன்மேல் தவறில்லை. ரெஃபரன்ஸ் பட்டியலில் ஒன்று உடைந்திருந்தால், அதற்குச் சம்பந்தமே இல்லாத பெயர்களைத் தேடும்போதும் ஆக்சஸின் நிரல் மொழியான வி.பி.ஏ. தடுக்கி விழும்.

ஆல்ட்டும் எஃப் 11-ம் அழுத்தி, டூல்ஸ் மெனுவில் ரெஃபரன்ஸைத் திறங்கள். 'மிஸ்ஸிங்' என்று தொடங்கும் வரிதான் குற்றவாளி. டிக்கை எடுத்து ஓகே கொடுத்துவிட்டு, டீபக் மெனுவில் கம்பைல் செய்யுங்கள். பிழை இல்லாமல் முடிந்தால் அந்த லைப்ரரி தேவையே இருந்திருக்காது. ஏதாவது வரியில் நின்றால், அதற்கு ஈடான புது லைப்ரரியைச் சேர்க்க வேண்டும். டேபிளிலிருந்து டேட்டாவை எடுத்துத்தரும் பழைய லைப்ரரியான டி.ஏ.ஓ. 3.6 இருந்த இடத்தில் ஆஃபீஸ் 16.0 ஆக்சஸ் டேட்டாபேஸ் எஞ்சின் லைப்ரரி வரும். அதோடு அதே மாதிரி வேலை செய்யும் ஏ.டி.ஓ. லைப்ரரியும் டிக்காகியிருந்தால் 'ரெக்கார்ட்செட்' என்ற பெயர் இரண்டிலும் உண்டு. பட்டியலில் மேலே இருப்பது ஜெயிக்கும்; அது ஏ.டி.ஓ. என்றால், வகை பொருந்தவில்லை என்று பிழை எண் 13 வரும். அறிவிக்கும்போதே டி.ஏ.ஓ. புள்ளி ரெக்கார்ட்செட் என்று முழுப் பெயர் எழுதிவிடுங்கள்.

இன்னொரு சூட்சுமம். எக்செல் 14.0 லைப்ரரி உள்ள ஃபைலை ஆஃபீஸ் 2016-ல் திறந்தால் ரெஃபரன்ஸ் தானாக 16.0-க்கு ஏறிக்கொள்ளும். பிறகு அதே ஃபைலை ஆஃபீஸ் 2010 உள்ள பக்கத்து மேசையில் திறந்தால் அது தானாக இறங்காது, 'மிஸ்ஸிங்' ஆகிவிடும். ஒரு கணினியை மட்டும் மாற்றினோம், மாற்றாத கணினி ஏன் கெட்டது என்ற புதிருக்கு இதுதான் விடை. எக்செல், அவுட்லுக் இரண்டுக்கும் ரெஃபரன்ஸையே நீக்கிவிட்டு, மாறியை (வேரியபிளை) 'ஆப்ஜெக்ட்' என்று அறிவித்து 'கிரியேட்ஆப்ஜெக்ட்' வழியாக அழைத்தால் இந்தத் தொல்லை தீரும். எக்செலின் மாறிலிப் (கான்ஸ்டன்ட்) பெயர்களுக்குப் பதில் அவற்றின் எண்களைப் போட மறக்காதீர்கள்.

64 பிட் தரும் வேலை

விண்டோஸ் ஃபங்ஷன்களை அழைக்கும் 'டிக்ளேர்' வரிகள் சிவப்பாகி, நிரலைப் புதுப்பிக்கச் சொல்லும். டிக்ளேர் என்ற சொல்லை அடுத்து 'பி.டி.ஆர்.சேஃப்' சேர்க்க வேண்டும். அதோடு விண்டோவின் அடையாள எண் (ஹேண்டில்), நினைவக முகவரி ஆகியவற்றை வைத்திருக்கும் 'லாங்' மாறிகளை 'லாங்பி.டி.ஆர்.' ஆக்க வேண்டும். எல்லா லாங்கையும் கண்மூடித்தனமாக மாற்றினால் புதுப் பிழைதான் முளைக்கும். எண்ணிக்கை, நிறம், நீளம் லாங்காகவே இருக்கட்டும். கனெக்‌ஷன் வரியில் பழைய டேட்டாபேஸ் எஞ்சினான ஜெட் 4.0 என்று இருந்தால் அதற்கு 64 பிட் கிடையாது, புது எஞ்சினான ஏஸ் 12.0 என்று மாற்றுங்கள். வேறு டேட்டாபேஸோடு இணைக்கும் ஓ.டி.பி.சி. இணைப்பையும் 64 பிட் அட்மினிஸ்ட்ரேட்டரில் புதிதாக அமைக்க வேண்டும். விண்டோஸில் இரண்டு அட்மினிஸ்ட்ரேட்டர்கள் இருக்கின்றன, பார்க்க ஒன்றுபோலவே இருக்கும்.

ஃபாரத்தில் காலண்டர் இருந்த இடம் வெறுமையாக இருந்தால் தேடிப் பயனில்லை. பழைய காலண்டர் கன்ட்ரோல் ஆக்சஸ் 2010-லேயே போய்விட்டது. டெக்ஸ்ட் பாக்ஸின் ஃபார்மட்டை தேதி என்று வைத்தால் பக்கத்தில் குட்டிக் காலண்டர் தானே வரும். பிவட் டேபிள் காட்சி 2013-ல் போனது; அந்த வேலையை எக்செலுக்குத் தள்ளிவிடுங்கள்.

உண்மையைச் சொன்னால், பழைய ஃபைலை நம்பி ஓடும் அலுவலகத்துக்கு 64 பிட் அவசியமே இல்லை. ஆக்சஸ் ஃபைலின் 2 ஜி.பி. வரம்பு அதனால் கூடப்போவதில்லை. ஆஃபீஸை நீக்கிவிட்டு 32 பிட்டை நிறுவுவது, நிரலை வரிவரியாகத் திருத்துவதைவிடச் சுலபம். இப்போதைய ஆஃபீஸ் கேட்காமலே 64 பிட்டை நிறுவிவிடும், பார்த்துத் தேர்ந்தெடுங்கள்.

நெட்வொர்க்கில் பகிர்ந்த ஃபைல்

டேபிள்கள் சர்வரில், ஃபாரங்கள் தனி ஃபைலில் என்றால் லிங்க்டு டேபிள் மேனேஜரில் எல்லாவற்றையும் ஒருமுறை புதுப்பியுங்கள். ஃபாரம் ஃபைலின் நகல் ஒவ்வொரு கணினியிலும் தனியாக இருக்கட்டும். பழைய பதிப்பு ஒரு மேசையிலாவது மிச்சமிருக்கும்வரை டேபிளில் 'லார்ஜ் நம்பர்', 'டேட்/டைம் எக்ஸ்டெண்டட்' வகைகளைச் சேர்க்காதீர்கள். பழைய பதிப்புகளுக்கு அந்த ஃபைல் பூட்டிவிடும், திரும்ப வழியில்லை.

ஃபைல் 'சீரற்ற நிலையில்' இருப்பதாக அடிக்கடி பிழை வந்து, ரிப்பேர் செய்தும் மறுநாள் திரும்பினால் சந்தேகம் சர்வர்மேல் திரும்ப வேண்டும். விண்டோஸ் 10-ன் 1803 பதிப்பையொட்டிப் பலருக்கும் வந்தது இது. ஃபைலைப் பகிரும் கணினியில், விண்டோஸின் ஃபைல் பகிர்வு முறையான எஸ்.எம்.பி.யின் 'லீசிங்' வசதியை அணைப்பதே அதற்கு மைக்ரோசாஃப்ட் சொன்ன வழி.

உண்மையிலேயே ஃபைல் கெட்டிருந்தால்

வெற்று டேட்டாபேஸ் ஒன்று உருவாக்கி, பெயர் மாற்றங்களைத் தானே பின்தொடரும் 'நேம் ஆட்டோகரெக்ட்' டிக்கை எடுத்துவிட்டு, எக்ஸ்டர்னல் டேட்டா வழியாகப் பழையதிலிருந்து எல்லாவற்றையும் இறக்குமதி செய்யுங்கள். அந்தப் பெட்டியில் 'ஆப்ஷன்ஸ்' அழுத்தி இம்போர்ட்/எக்ஸ்போர்ட் ஸ்பெக்ஸையும் (சேமித்து வைத்த இறக்குமதி, ஏற்றுமதி அமைப்புகள்) டிக் செய்யாவிட்டால் அவை வராது. ரெஃபரன்ஸும் ஸ்டார்ட்அப் அமைப்பும் எப்படியும் வராது, கையால் போட வேண்டும். மொத்தமாக எடுக்கும்போது பாதியில் நின்றால் ஒவ்வொன்றாக எடுங்கள். எந்த ஃபாரத்தில் தடுக்குகிறதோ அதுதான் கெட்டது.

பாமினி போன்ற பழைய ஃபாண்டில் பெயர்களைத் தட்டி வைத்தவர்களுக்குப் புதுக் கணினியில் ஆங்கில எழுத்துக் குவியல்தான் தெரியும். பதறி ரெக்கார்டைத் திருத்திவிடாதீர்கள். பழைய கணினியின் ஃபாண்ட்ஸ் ஃபோல்டரிலிருந்து அந்த ஃபாண்டை எடுத்துவந்து நிறுவினால் பெயர்கள் வந்துவிடும். யூனிகோடுக்கு மாற்றும் ஆசையை, மற்றதெல்லாம் ஓடத் தொடங்கியபின் தனி வேலையாக வைத்துக்கொள்ளுங்கள்.