பெரிய பல் கேசட்டுக்குப் பின் டீரெய்லர் பொருந்துமா? காசு கொடுக்கும் முன் போட வேண்டிய கணக்கு

"நம்ம ஊரு தரைதானே வே, இம்புட்டுப் பெரிய பல்லு எதுக்கு?" திருநெல்வேலியில் பாளை, ஜங்ஷன் பக்கத்துச் சைக்கிள் கடை அண்ணாச்சிகள் முதலில் கேட்பது இதைத்தான். ஆனி, ஆடியில் நாங்குநேரியைத் தாண்டிக் காவல்கிணறு நோக்கி மிதித்தவர்களுக்குப் பதில் தெரியும். ஆரல்வாய்மொழிக் கணவாய்க் காற்று முகத்தில் அறையும்போது தரையும் மலைதான். பாபநாசத்திலிருந்து காரையாறு, செங்கோட்டை தாண்டிப் புளியரை வளைவு என்று போகிறவர்களுக்குச் சொல்லவே வேண்டாம்.

என் வண்டியையே கணக்காக எடுத்துக்கொள்வோம். முன்னால் 50/34 (50 பல், 34 பல் என்று இரண்டு சக்கரம்), பின்னால் 8 ஸ்பீடு 11-28 கேசட் (11 முதல் 28 பல் வரை எட்டுச் சக்கர அடுக்கு), ஷிமானோ கிளாரிஸ் ஷிஃப்டர் (கியர் மாற்றும் பிடி). கேசட்டை 11-34 ஆக்க வேண்டும்; செயினைச் சக்கரம் விட்டுச் சக்கரம் நகர்த்தும் டீரெய்லர் அதற்குப் பொருந்துமா என்பதுதான் கேள்வி. கேசட்டைக் கழற்றி மாட்டுவது, செயின் வெட்டுவதெல்லாம் உங்களுக்குத் தெரியும் என்று வைத்துக்கொள்கிறேன்.

லாபம் என்ன? முன்னால் 34, பின்னால் 28 என்றால் பெடல் ஒரு முழுச் சுற்றுக்கு வண்டி சுமார் 2.55 மீட்டர் போகும். பின்னால் 34 போட்டால் 2.1 மீட்டர். நிமிடத்துக்கு 60 சுற்று மிதிக்கிறவர், மணிக்கு 9 கிலோமீட்டருக்குக் கீழே போனால் திணற வேண்டியிருந்தது. இனி ஏழரை வரை அதே மிதியில் ஏறலாம். முட்டி தப்பிக்கும்.

முதல் படி: இரண்டு எண்கள்

எந்த டீரெய்லரின் விவரக்குறிப்பிலும் இரண்டு எண்கள் இருக்கும். ஒன்று, அது செயினை ஏற்றக்கூடிய மிகப்பெரிய பல் சக்கரம். இன்னொன்று மொத்தக் கொள்ளளவு, அதாவது எவ்வளவு தொய்வுச் செயினை அதன் கூண்டு (இரண்டு புல்லிகளைத் தாங்கும் கீழ்ப்பகுதி) சுருட்டிக்கொள்ளும் என்பது. உங்கள் தேவையைக் கணக்கிடுவது சுலபம்: முன் பல் வித்தியாசம் 50-34 = 16, பின் வித்தியாசம் 34-11 = 23, கூட்டினால் 39.

ஷிமானோ அல்டஸ் எம்310 மாடலுக்கு 34 பல், கொள்ளளவு 43. அலிவியோ எம்3100-க்கு 36 பல், கொள்ளளவு 45. இரண்டுமே போதும். என் ஓட்டு அலிவியோவுக்கு. நாளைக்கு 9 ஸ்பீடுக்கு மாறி 11-36 போட்டாலும் அதே டீரெய்லர் ஓடும்.

"அது 9 ஸ்பீடு ஆச்சே, என் வண்டி 8 ஸ்பீடு" என்று தயங்க வேண்டாம். டீரெய்லருக்குப் பல் சக்கரங்களை எண்ணத் தெரியாது. கேபிளை இழுத்தால் நகரும், விட்டால் திரும்பும். எண்ணுவது ஷிஃப்டர்.

இரண்டாவது படி: இழுப்பு விகிதம்

எல்லோரும் வழுக்கி விழுகிற இடம் இது. எண்கள் பொருந்தும், மாட்டவும் முடியும், ஆனால் கியர் விழாது.

ஷிஃப்டரை ஒரு கிளிக் தட்டினால் கேபிள் குறிப்பிட்ட அளவு இழுபடும். அந்த இழுப்பை டீரெய்லர் எத்தனை மடங்காக்கி நகர்கிறது என்பதுதான் விகிதம். ஷிமானோவின் வழக்கமான 8, 9 ஸ்பீடில் ரோடு பைக்குக்கும் மலை பைக்குக்கும் இது ஒன்றேதான், சுமார் 1.7. அதனால்தான் கிளாரிஸ் ஷிஃப்டரோடு மலை பைக் அலிவியோ ஒத்துப்போகிறது. மலை பைக் 10 ஸ்பீடில் ஷிமானோ இதைச் சுமார் 1.2 ஆக்கிவிட்டது. ஸ்ராம் கம்பெனிக்குத் தனிக் கணக்கு.

"42 பல் ஏறுமாம்" என்று 10 ஸ்பீடு மலை டீரெய்லரை வாங்கி 8 ஸ்பீடு ஷிஃப்டரில் மாட்டினால் நடப்பதைப் பாருங்கள். 8 ஸ்பீடு கேசட்டில் சக்கரத்துக்குச் சக்கரம் 4.8 மில்லிமீட்டர். ஷிஃப்டர் ஒரு கிளிக்குக்கு 2.8 மில்லிமீட்டர் இழுக்கும். 1.7-ஆல் பெருக்கினால் 4.8, கச்சிதம். 1.2-ஆல் பெருக்கினால் 3.4 தான். முதல் கிளிக்கிலேயே 1.4 குறைவு. மூன்றாவது கிளிக்கில் கிட்டத்தட்ட ஒரு சக்கரம் பின்தங்கிவிடும். கேபிள் அட்ஜஸ்டரை நாள் முழுக்கத் திருகினாலும் ஒரு கியர் சரியானால் இன்னொன்று கெடும். இப்படி ஒரு வண்டி வந்தால் டியூனிங்கில் நேரத்தைத் தொலைக்காதீர்கள்.

மூன்றாவது படி: செயின் நீளம்

பழைய செயினை அப்படியே போடுவது ஆபத்து. 28-க்கு வெட்டிய செயின் 34-க்கு எட்டாமல் போகலாம். எட்டாத செயினோடு பெரிய பல்லுக்குத் தட்டினால் ஹேங்கர் (டீரெய்லர் தொங்கும் காது) முறியும், சில நேரம் டீரெய்லரும் சேர்ந்து போகும்.

புதுச் செயினை டீரெய்லருக்குள் கோக்காமல் முன்னால் பெரியது, பின்னால் பெரியது மேல் சுற்றுங்கள். முனைகள் சேர்கிற இடத்திலிருந்து இரண்டு கண்ணி கூட்டி வெட்டுங்கள். இணைக்கக் குயிக் லிங்க் என்ற இணைப்புக் கண்ணியைத்தான் வாங்குவேன். செயின் ஊசியைத் தட்டித் திரும்ப ஏற்றுவதில் எனக்கு நம்பிக்கையில்லை.

நான்காவது படி: பி ஸ்குரூ

கேபிளை மாட்டும் முன், டீரெய்லர் இரு பக்கமும் எதுவரை போகலாம் என்று தடுக்கும் எச், எல் ஸ்குரூக்களைச் சரி பாருங்கள். எல் தளர்ந்திருந்தால் டீரெய்லர் ஸ்போக்குக்குள் போய்விடும்.

அப்புறம்தான் பி ஸ்குரூ, புல்லிக்கும் பல்லுக்கும் உள்ள இடைவெளியை மாற்றுவது. முன்னால் சின்னது, பின்னால் 34 போட்டுவிட்டு, மேல் புல்லிக்கும் அந்தப் பல்லுக்கும் நடுவே 5, 6 மில்லிமீட்டர் இடைவெளி வரும்வரை திருகுங்கள். 5 மில்லிமீட்டர் ஆலன் கீயை நடுவில் விட்டுப் பார்த்தால் போதும். பெடலைப் பின்பக்கம் சுற்றும்போது கரகரவென்று கேட்டால் இடைவெளி குறைவு. அதிகமானால் சின்னப் பற்களில் கியர் சோம்பேறித்தனமாக விழும்.

ஸ்குரூ முழுக்கத் திருகியும் இடிக்கிறது என்றால் ஹேங்கரை நீட்டும் இணைப்புத் துண்டைச் சிலர் போடச் சொல்வார்கள். வேலை செய்யும்தான், ஆனால் அது புல்லியை எல்லாப் பற்களிடமிருந்தும் விலக்கிவிடுகிறது. கொள்ளளவும் ஒரு பல்கூட அதிகரிக்காது. அந்தக் காசுக்கு இன்னும் கொஞ்சம் போட்டுப் பொருத்தமான டீரெய்லரையே வாங்கிவிடலாம்.

கடைசியில் வண்டியைத் தூக்கி நிறுத்தி, கையால் மெதுவாகச் சுற்றிப் பெரிது-பெரிது போட்டுப் பாருங்கள். கூண்டு முன்பக்கம் நீண்டாலும் கொஞ்சம் வளைவு மிச்சம் இருக்க வேண்டும். விறைத்து நேர்கோடாக நின்றால் செயின் குட்டை.

பின்சேர்க்கை

அம்பாசமுத்திரத்திலிருந்து ஒருவர் கேட்டது: எல்லாம் செய்தும் கேபிள் இழுப்பை நுணுக்கமாகத் திருத்த வழியில்லையாம். சில மலை டீரெய்லர்களில் பேரல் அட்ஜஸ்டர் (கேபிள் இழுப்பைத் திருத்தும் திருகு குமிழ்) கிடையாது, மலை பைக்கில் அது ஷிஃப்டரிலேயே இருக்கும் என்பதால். ரோடு பைக்காரர்கள் கேபிள் நடுவே மாட்டுகிற இன்லைன் அட்ஜஸ்டர் ஒன்று வாங்கிக்கொள்ளுங்கள். அலிவியோவில் கேபிள் நுழையும் கோணமும் வேறு. பழைய அவுட்டரின் (கேபிள் மேலுறையின்) கடைசித் துண்டு பெரும்பாலும் நீளமாகிவிடும், புதிதாக வெட்டுங்கள்.

தென்காசியிலிருந்து இன்னொருவரின் வண்டியில் கேசட்டே இல்லை, 7 ஸ்பீடு திருகு ஃப்ரீவீல் (சக்கர ஹப்பில் முழுதாகத் திருகி மாட்டும் பல் அடுக்கு). அதற்கு ஷிமானோவின் 14-34 மெகாரேஞ்ச் இருக்கிறது: 14, 16, 18, 20, 22, 24, அடுத்து நேராக 34. அந்தக் கடைசித் தாவல் பெரிது, ஏற்றம் தொடங்கும் முன்பே தட்டிவிட வேண்டும். முன்னால் 48/38/28 என்றால் தேவை 20+20 = 40, அல்டஸே தாங்கும். டீரெய்லர் ஃபிரேமிலேயே மாட்டியிருக்கிறதா, அச்சோடு சேர்த்து மாட்டும் தகட்டில் தொங்குகிறதா என்று மட்டும் பார்த்துக்கொள்ளுங்கள். தகடு என்றால் அதைத் தனியாக வாங்கி, புது டீரெய்லரை அதில் திருகியபின் சக்கரத்தை மாட்ட வேண்டும்.