ஆஷ் ட்வின் மணலில் மாட்டிக்கொண்டவர்களுக்கு: தவிர்க்க வேண்டிய தவறுகள்

'அவுட்டர் வைல்ட்ஸ்' என்ற விண்வெளி கேமில் ஆஷ் ட்வின் கோளுக்குப் போய், என்ன செய்வதென்று தெரியாமல் நிற்பவர்களுக்காக இதை எழுதுகிறேன். இன்னும் விளையாட ஆரம்பிக்காதவர்கள் இங்கேயே நிறுத்திக்கொள்ளுங்கள். ஒவ்வொன்றாகத் தெரிந்துகொள்வதுதான் இந்த ஆட்டமே. தெரிந்த பிறகு ஆட ஒன்றும் மிச்சமிருக்காது.

2019-ல் வந்த கேம் இது. 22 நிமிடத்தில் சூரியன் வெடிக்கும். மறுபடி முதலிலிருந்து கண்விழிப்பீர்கள். இந்த ஒரு சுற்றுதான் லூப். ஆஷ் ட்வினும் எம்பர் ட்வினும் அருகருகே சுற்றும் இரட்டைக் கோள்கள். லூப் தொடங்கும்போது மணல் முழுக்க ஆஷ் ட்வின்மேல் இருக்கும். அது ஒரு தூண்போல எம்பருக்குக் கொட்டிக்கொண்டே போகும். இங்கே மணல் வடிய வடியப் புதைந்திருந்த டவர்கள் தலைகாட்டும். அங்கே குகைகள் ஒவ்வொன்றாக மூடும்.

இதிலேயே முதல் தவறு வந்துவிடுகிறது. விழித்ததும் நேராக ஆஷ் ட்வினுக்குப் பறப்பது. போனால் வெறும் மணல்மேடு. 'இங்கே ஒன்றும் இல்லை' என்று நானே இரண்டு லூப் திரும்பி வந்திருக்கிறேன். முதல் சில நிமிடங்களை எம்பரின் குகைகளுக்குக் கொடுங்கள், அவை அப்போதுதான் திறந்திருக்கும். பிறகு இந்தப் பக்கம் வாருங்கள். (ஆட்டோபைலட்டைப் போட்டுவிட்டு வேறு வேலை பார்க்காதீர்கள். வழியில் சூரியன் நிற்கிறது என்பதெல்லாம் அதற்குத் தெரியாது.)

அடுத்தது, டவருக்குள் சுவிட்ச் தேடுவது. நடுவில் வட்டமான வார்ப் மேடை (நொடியில் வேறு இடத்துக்கு அனுப்பும் மேடை) இருக்கிறது, ஏறி நின்றால் ஒன்றும் நடக்கவில்லை. உடனே சுவர் சுவராகத் தடவ ஆரம்பிக்கிறோம். சுவிட்ச் கிடையாது. ஒவ்வொரு டவரும் ஒரு இடத்துக்கு உரியது. அந்தக் கோள் சரியாகத் தலைக்கு மேலே வரும் சில நொடிகள் மட்டும் மேடை வேலை செய்யும். கூரையில் ஏன் ஓட்டை விட்டிருக்கிறார்கள் என்று கேட்டிருந்தால் அங்கேயே விடை கிடைத்திருக்கும். அண்ணாந்து பாருங்கள், அவ்வளவுதான்.

இவ்வளவு புரிந்தவர்களையும் கவிழ்ப்பது அந்த ஜோடி டவர். ஒன்று எம்பருக்குப் போகிறது, சரி. பக்கத்தில் கூரை இடிந்து கிடப்பது எங்கே போகிறது? ஆஷ் ட்வினின் உள்ளே, மையத்துக்கு. நிற்கிற கோளே தலைக்கு மேலே எப்படி வரும் என்று இங்கேதான் மூளை சிக்கிக்கொள்ளும். இரண்டு கோள்களும் அவ்வளவு நெருக்கமாக இருப்பதால் வார்ப் கணக்கில் அவை ஒன்றுதான். தலைக்கு மேலே வர வேண்டிய புள்ளி இரண்டுக்கும் நடுவே இருக்கிறது. அப்படியென்றால் எம்பர் உச்சிக்கு வரும் நேரம்தான் இதற்கும் நேரம். அதே நேரத்தில்தான் மணல் தூணும் டவர்மேல் ஏறி வரும்.

என் முதல் முயற்சி இப்படி: மேடை நடுவில் நின்றேன், தூண் வந்தது, இடிந்த கூரை வழியாக என்னை அலாக்காக மேலே தூக்கிக்கொண்டு போய்விட்டது. இரண்டாவது முயற்சியில் புத்திசாலித்தனமாக ஒதுங்கி நின்று, தூண் முழுக்கக் கடந்து போனபின் மேடையில் ஏறினேன். ஒன்றும் நடக்கவில்லை. தூண் போய்விட்டால் நேரமும் போய்விட்டது என்று அர்த்தம். ஆபத்து என்று நினைத்து நாம் ஒதுங்கிய அதே நொடிகள்தான் கதவு திறந்திருந்த நொடிகள். இந்த இடத்தை வடிவமைத்தவரைக் கட்டிப்பிடிப்பதா திட்டுவதா என்று எனக்கு இன்றுவரை தெரியவில்லை.

செய்ய வேண்டியது இதுதான். மேடைக்குப் பக்கத்தில் கூரை இடியாமல் மிச்சமிருக்கும் துண்டுக்கு அடியில் நில்லுங்கள். மணல் இரைச்சல் நெருங்கும், அசையாதீர்கள். தூண் மேடைமேல் இருக்கும்போதே சட்டென்று அதற்குள் நடந்து மேடை நடுவுக்குப் போங்கள். தூக்கப்படுவதற்குள் வார்ப் இழுத்துக்கொள்ளும். ஜெட்பேக்கைத் தொடவே வேண்டாம், அது காரியத்தைக் கெடுக்கும். தவறவிட்டால் விண்கப்பலுக்கு ஓடாமல் அங்கேயே காத்திருங்கள். கோள் சுழல்கிறது, தூண் மறுபடி வரும்.

நெருப்பு மூட்டித் தூங்கி நேரத்தை ஓட்டுகிறவர்கள் அடிக்கடி எழுந்து பார்க்க வேண்டும். சூரியன் வெடிக்கப்போவதைச் சொல்லும் அந்தச் சோகமான இசை கேட்க ஆரம்பித்துவிட்டால் ஏறக்குறைய ஒன்றரை நிமிடம்தான் பாக்கி. அப்போது டவருக்கு ஓடிப் பயனில்லை.

இதே பொறுமைதான் பிரிட்டில் ஹாலோ என்ற இன்னொரு கோளிலும் தேவைப்படுகிறது. குவாண்டம் அறிவுக் கோபுரத்தில் மேலே ஏற வழியே இல்லாததைப் பார்த்து ஜெட்பேக்கோடு மல்லுக்கட்டாதவர் குறைவு. அந்தக் கோபுரமே பெயர்ந்து கோளின் நடுவிலுள்ள கருந்துளைக்குள் விழட்டும். கருந்துளையில் விழுந்தவை வெளியே வரும் வெண்துளைப் பக்கம் அது மிதக்கும்போது ஈர்ப்பு இல்லாமல் சும்மா நீந்தி உள்ளே போகலாம்.

அப்புறம், ஆஷ் ட்வினில் கப்பலை நிலநடுக்கோட்டுப் பக்கம் நிறுத்தாதீர்கள். தூண் நகரும் பாதையே அதுதான். மையத்திலிருந்து வெற்றியோடு திரும்பி வரும்போது கப்பல் நிறுத்திய இடத்தில் இல்லையென்றால், வானத்தில் எங்கேயாவது தெரிகிறதா என்று பாருங்கள்.