ஆக்சிஜன் குறையும்போது இதயச் செல்: பலர் தவறாகப் புரிந்துகொள்ளும் இடங்கள்

"ஆக்சிஜன் குறைந்தால் இதயத் தசைச் செல் கொழுப்பை விட்டுக் குளுக்கோஸுக்கு மாறும், அதை வைத்தே சமாளித்துவிடும்." மாணவர்களின் விடைத்தாள்களில் அடிக்கடி வரும் விளக்கம் இது. முதல் பாதி சரி. இரண்டாம் பாதியை நம்பினால் மொத்தப் பாடமும் தடம் மாறிவிடும்.

கணக்கைப் பாருங்கள். ஆக்சிஜன் இருந்தால் ஒரு குளுக்கோஸ் மூலக்கூறிலிருந்து ஏறத்தாழ 30 ஏடிபி (செல் செலவழிக்கும் ஆற்றல் நாணயம்) கிடைக்கும். ஆக்சிஜன் இல்லாமலே குளுக்கோஸைப் பிளக்கும் கிளைகாலிசிஸ் மட்டும் நடந்தால் 2 தான். இதயத்துக்கு வேண்டிய ஏடிபியில் 90 சதவீதத்துக்கும் மேல், செல்லுக்குள் ஆக்சிஜனைக் கொண்டு எரிபொருளை எரிக்கும் மைட்டோகாண்ட்ரியாவில்தான் உருவாகிறது. கையிருப்போ சில நொடித் துடிப்புக்கே போதும். இவ்வளவு பெரிய பள்ளத்தை 2 ஏடிபி நிரப்பாது. அதனால் செல் செலவைக் குறைக்கிறது. ரத்த ஓட்டம் நெடுநாள் குறைந்த பகுதியில் தசை சுருங்கும் வலிமையைக் குறைத்துக்கொண்டு உயிரோடு இருக்கும். ஓட்டம் சீரானால் பல நேரம் மீண்டும் வேலை செய்யத் தொடங்கும். தகவமைப்பின் உயிர்நாடி இதுதான் என்பது என் கருத்து. பல விளக்கங்களில் இது ஒரு வரிகூட வருவதில்லை.

குளுக்கோஸால் வேறொரு லாபமும் உண்டு. செலவாகும் அதே அளவு ஆக்சிஜனுக்குக் கொழுப்பு அமிலத்தைவிடக் குளுக்கோஸ் சற்றுக் கூடுதல் ஏடிபி தரும். ஆக்சிஜன் குறைந்தாலும் அறவே இல்லாமல் போகாத நிலையில் இந்தச் சிக்கனம் உதவும்.

ஹைபாக்சியாவையும் இஸ்கீமியாவையும் ஒன்றாகப் பேசுவதுதான் மிகப் பெரிய குழப்பம். ஹைபாக்சியாவில் ரத்தம் ஓடுகிறது, அதில் ஆக்சிஜன்தான் குறைவு. கிளைகாலிசிஸின் முடிவில் உருவாகும் லாக்டேட்டும் அமிலமும் அடித்துச் செல்லப்படும். இஸ்கீமியாவில் ஓட்டமே குறைவதால் அல்லது நின்றுபோவதால் குளுக்கோஸ் போதிய அளவு வராது, அமிலம் தேங்கும், அந்த அமிலம் கிளைகாலிசிஸையே நெரிக்கும். ஒன்றில் கண்ட முடிவை மற்றதற்குச் சொல்லக் கூடாது. லாக்டேட்டை வெறும் கழிவாக எழுதுவதும் பிழை. ஆக்சிஜன் போதுமானபோது இதயம் அதை எரிபொருளாகவே எரிக்கிறது.

எல்லாவற்றையும் ஹிஃப்-1 (ஆக்சிஜன் குறையும்போது மரபணுக்களை இயக்கும் புரதம்) தலையில் கட்டுவதும் சரியல்ல. செல்கள் ஆக்சிஜனை உணரும் விதத்தைக் கண்டறிந்ததற்காக 2019-இல் நோபல் பரிசு கிடைத்தது உண்மைதான். ஆனால் ஹிஃப்-1 மற்ற மரபணுக்களை இயக்கி, புதிய புரதங்கள் உருவாகிச் சேர மணிக்கணக்கில் ஆகும். முதல் நிமிடங்களில் கைகொடுப்பவை, ஏடிபியை உடனே மீட்டுத்தரும் சேமிப்பான கிரியேட்டின் பாஸ்பேட்டும், ஆற்றல் குறைவதை உணரும் ஏஎம்பிகே நொதியும்தான்.

ஆக்சிஜன் திரும்பியதும் எல்லாம் சரியாகிவிடும் என்றும் எண்ண வேண்டாம். இஸ்கீமியாவில் தேங்கிய சக்சினேட் (எரிபொருள் எரியும் வழியில் வரும் இடைப்பொருள்) அப்போது வேகமாக எரிந்து, மைட்டோகாண்ட்ரியாவிலிருந்து செல்லைத் தாக்கும் தீங்கான ஆக்சிஜன் தனி உறுப்புகள் (ஃப்ரீ ரேடிக்கல்கள்) பீறிட்டு வெளிவரும். ரத்த ஓட்டத்தை மீட்டாக வேண்டும், வேறு வழியில்லை. மீட்கும் அந்த முதல் நிமிடங்களிலும் செல்கள் சேதமடையும்.