ஜூம் லென்ஸுக்கு முன் 50 எம்.எம்.

கேமராவோடு வரும் 18-55 கிட் லென்ஸுக்கு அடுத்து எதை வாங்குவது? என்னைக் கேட்டால் ஜூம் இல்லாத 50 எம்.எம். எஃப்/1.8 தான். எஃப் எண் குறையக் குறைய லென்ஸ் அகலமாகத் திறக்கும். கிட் லென்ஸ் 55 எம்.எம்.மில் பெரும்பாலும் எஃப்/5.6 வரைதான் திறக்கும். எஃப்/1.8இல் கிட்டத்தட்ட 10 மடங்கு வெளிச்சம் உள்ளே வரும். குத்துவிளக்கு வெளிச்சத்தில் பாட்டியின் முகத்தை ஃபிளாஷ் இல்லாமலே எடுத்துவிடலாம், அவ்வளவு அழகாக வரும்! படத்தைப் பதிவுசெய்யும் சென்சார் ஏபிஎஸ்-சி என்ற சின்ன அளவு என்றால் மட்டும் காட்சி குறுகித் தெரியும், சின்ன அறைக்குள் பின்னால் நகர இடம் போதாது. அந்தக் கேமரா வைத்திருப்பவர்களுக்கு 35 எம்.எம். சரி.

அப்புறம் டிரைபாட். கடையிலேயே கால்களை முழுவதும் நீட்டி, மேலே கையை வைத்து லேசாகத் திருகிப் பாருங்கள். ஆடினால் வேண்டாம். நடுத்தண்டை உயர்த்தாமலே கண் மட்டத்துக்கு வந்தால் நல்லது. படம் எடுக்கும்போது 2 விநாடி டைமர் வையுங்கள். பட்டனை அழுத்தும் அதிர்வுகூட படத்தைக் கலங்கடித்துவிடும்.